உளுந்துக்குக் கல், அரிசிக்கு ரவை: ரங்கூன் வீட்டில் இட்லி மாவு

போன வருஷம் சித்திரை ஒன்றுக்கு முந்தின இரவு, எங்கள் வீட்டு கிரைண்டரில் உளுந்து பாதி அரைபட்ட நிலையில் கரண்ட் போனது. மறுநாள் பதினோரு பேருக்கு இட்லி. தெருவில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா, ஜெனரேட்டர் போட்டுப் பாட்டு அலறுகிறது. மேடைக்கு வெளிச்சம் இருக்கிறது, என் கிரைண்டருக்கு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்குத்தான் "மீ லா பீ" என்று யாரோ கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த ஊரில் எந்தக் குழந்தையும் முதலில் கற்றுக்கொள்ளும் பர்மிய வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால், உளுந்து புளித்து நுரைத்து, பாதி கரடுமுரடாக, பாதி கூழாக நிற்கிறது. அன்று எல்லாரும் அடை சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது, ஆனால் அது இட்லி இல்லை.

அதற்குப் பிறகு மூன்று நாலு மாதம் இதே ஆராய்ச்சிதான். கிரைண்டர், மிக்சி, ஆட்டுக்கல், கடை மாவு, காய்ந்த மாவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என்னைப் போல ஐந்தாம் மாடியில், முறை வைத்து விடுகிற கரண்ட்டில், நாலு பேர் சாப்பிடுகிற வீட்டை நடத்துகிறவர்களுக்கு எது தோதுப்படும் என்று எழுதிவைக்கிறேன்.

ஆரம்பத்தில் நான் மிஷினைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது, வினை ஃபிரிட்ஜில் இருக்கிறது என்று. கரண்ட் ஒழுங்காக இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அரைத்தால் வியாழன் வரை ஓடும். கிரைண்டர் என்பதே அந்தக் கணக்கில் பிறந்த சாமான். கொஞ்சமாகப் போட்டால் கல் சும்மா சுற்றும், மாவு ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இப்போது ஃபிரிட்ஜ் பாதி நேரம் வெறும் அலமாரி. ஏப்ரலில் ரங்கூன் வெயில் 37 டிகிரி போகும்போது, காலையில் பொங்கின மாவு சாயங்காலத்துக்குள் மூக்கைத் துளைக்கும். அப்படியானால் எனக்கு வேண்டியது நாலு நாள் மாவு இல்லை, ஒரு வேளைக்கும் மிஞ்சினால் மறுவேளைக்கும் போதுமான மாவு. இந்தக் கணக்கு மாறியதும் கிரைண்டர் போட்டியிலிருந்து தானாகவே விலகிவிட்டது. கரண்ட் வந்தாலும் சில நேரம் வோல்டேஜ் போதாமல் மோட்டார் முனகும், கல் நகராது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, அதில் எனக்கும் பெருமைதான். பெருமையை வைத்து மாவு அரைக்க முடியவில்லை.

கடை மாவைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா அரைத்து விற்கிறார். பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றில் கிளிப் மாட்டியிருக்கும், அவர் பையை அதில் மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும், இழுத்துக்கொள்ளலாம். ஐந்து மாடி இறங்கி ஏற வேண்டியதில்லை. அந்த சுகத்துக்காகவே வாங்கலாம். ஆனால் அவருக்கும் கரண்ட் அதே கரண்ட்தான். ஒரு நாள் மாவு இளசாக இருக்கும், ஒரு நாள் கயிற்றில் ஏறி வரும்போதே பை பொம்மென்று உப்பியிருக்கும். சோடா உப்பும் போடுகிறாரோ என்று சந்தேகம், கேட்கத் தைரியம் இல்லை. உடம்பு முடியாத நாளுக்கு அவர் தெய்வம். தினப்படிக்கு வேண்டாம்.

மிக்சிக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் முடிவு இதில்தான் போய் நிற்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சமாக அரைக்கலாம், பத்து நிமிஷம் கரண்ட் இருந்தால் போதும். பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்டலாமே என்று வீட்டுக்காரர் ஒரு நாள் முயற்சி செய்தார். விளக்குக்கும் ஃபேனுக்கும் போனுக்கும் என்று வாங்கின சின்ன இன்வெர்ட்டர், மிக்சி கிளம்பும்போது இழுக்கிற இழுப்புக்குத் தாங்காமல் 'கீச்' என்று கத்திவிட்டு அணைந்தது. ஆக, கரண்ட் வரும்போதுதான்.

கரண்ட் இருந்தாலும் உளுந்துக்கு மிக்சி சரிவரவில்லை. ஜாருக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், ஒரு நிமிஷத்தில் சுடும். உளுந்து பிசுபிசுப்பாக பிளேடைச் சுற்றி ஒட்டிக்கொள்கிறது, சுற்றவைக்க மேலும் தண்ணீர் விட வேண்டியிருக்கிறது, தண்ணீர் கூடினால் காற்று நிற்பதில்லை. ஐஸ் தண்ணீர் விட்டு, அரை நிமிஷம் ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினால் ஓரளவுக்கு வரும். ஐஸுக்கு ஃபிரிட்ஜ் ஓட வேண்டும். போன கதைதான்.

பிறகு ஆட்டுக்கல். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. மாமியாரின் பாட்டி கப்பலில் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ரங்கூனுக்குக் கல் சுமந்து வந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இடுப்பு வலிக்கும். பத்து வருஷமாக அதன் குழியில் கற்றாழைத் தொட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டியை எடுத்துவிட்டுக் கல்லைத் தேய்த்துக் கழுவி, முதலில் ஒரு கை அரிசியை அரைத்துக் கொட்டி, அப்புறம் உளுந்து போட்டேன். குழவி உருளும் சத்தம் கீழ் வீட்டுக்குக் கேட்கிறது என்று புகார் வந்தது. அடியில் சணல் சாக்கை நாலாக மடித்துப் போட்டதும் அடங்கியது. எதிர்வீட்டுப் பர்மியப் பாட்டி, நாங்கள் அப்வா என்று கூப்பிடுவோம், தினமும் காலையில் முகத்தில் பூசிக்கொள்ள, சந்தனம் மாதிரி வட்டக் கல்லில் தனாக்கா கட்டையைத் தேய்ப்பார். நான் உளுந்து ஆட்டுவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உனக்கு எவ்வளவு பெரிய முகம்!" என்றார்.

நாலு விதமாக மாவு தயாரித்து, ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது. பழைய காபித்தூள் பாட்டில்கள் நாலு எடுத்தேன். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே உப்பு. ஒன்றில் எல்லாமே கல்லில் அரைத்தது, ஒன்றில் எல்லாமே மிக்சி. மூன்றாவதில் கல்லில் அரைத்த உளுந்தோடு மிக்சி அரிசி. நாலாவதில் உளுந்தையும் அரிசியையும் காய்ந்த மாவாகவே எடுத்துத் தண்ணீரில் கரைத்தது. மாவு நிற்கிற மட்டத்தில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு ரப்பர் பேண்ட். இரவு எட்டு மணிக்கு வைத்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன்.

காய்ந்த மாவு ரப்பர் பேண்டை விட்டு ஒரு விரல்கூட நகரவில்லை, புளிப்பு வாடை மட்டும் வந்தது. மிக்சி மாவு பாதி உயரம் ஏறியிருந்தது, குமிழிகள் பெரிசு பெரிசாக, தட்டினால் உடைந்தன. கல் மாவு பாட்டில் வாயைத் தொட்டுவிட்டது. நான் எதிர்பார்க்காதது மூன்றாவது பாட்டில்: அது கல் மாவுக்கு ஒரு விரல் கீழே நின்றது, அவ்வளவுதான். இட்லியாக ஊற்றி, கண்ணை மூடிச் சாப்பிடச் சொன்னால், முதல் பாட்டிலுக்கும் மூன்றாவதுக்கும் வித்தியாசம் சொல்ல வீட்டில் யாராலும் முடியவில்லை. மாமியாரைத் தவிர. அவர் சரியாகச் சொன்னார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முடிவு அந்த மூன்றாவது பாட்டிலில்தான் கிடைத்தது. இட்லி மாவு என்று ஒரே சாமானாகப் பேசுகிறோம், உள்ளே இருப்பது இரண்டு வேலை. பொங்க வைப்பதும், பொங்கினதை அமுங்காமல் பிடித்துவைப்பதும் உளுந்தின் பொறுப்பு. லூக்கோநாஸ்டாக் என்கிற பாக்டீரியா உளுந்தோடு தானாகவே வருகிறது, அதுதான் முக்கியமாக வாயுவை உண்டாக்குகிறது. உளுந்தில் இருக்கிற புரதமும் அந்த வழவழப்பும் சேர்ந்து வாயுவைக் குமிழி குமிழியாகப் பிடித்து நிறுத்துகின்றன. குழவி மெதுவாக மடித்து மடித்து அரைப்பதால் மாவு சூடாகாமல் காற்றை வாங்கிக்கொள்கிறது. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் பஞ்சு மாதிரி மிதக்க வேண்டும். மிக்சி உளுந்து மிதக்கலாமா முழுகலாமா என்று யோசிக்கும். அரிசிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. அது மாவுக்குக் கனமும் மணல் போன்ற ஒரு பதமும் தந்தால் போதும், எதில் உடைபட்டாலும் ஒன்றுதான்.

கல்லில் கஷ்டமான வேலையும் அரிசிதான். அரை டின் உளுந்து ஆட்ட எனக்குக் கால் மணி, இருபது நிமிஷம். அரிசியையும் சேர்த்தால் ஒரு மணி நேரமும் ஒரு தைலப் பாட்டிலும் வேண்டும்.

டின் என்றால் இங்கே பால் டின். டப்பாப் பால் தீர்ந்தபின் அதுவே வீட்டுக்கு வீடு அளவு. எட்டு டின் சேர்ந்தால் ப்யி என்கிற பர்மிய அளவு ஒன்று. பருப்பு நிறுப்பது வீசையில், இங்கே அது 1.63 கிலோ. பர்மியர் பெய்த்தா என்பார்கள். ஆங்கிலேயர் எழுதிவைத்துவிட்டுப் போன 'விஸ்' என்கிற பெயர் நம் வீசையிலிருந்து வந்ததுதான்.

சரி, அரிசிப் பக்கத்தை எப்படி முடிப்பது? மிக்சியில் ஈரமாக அரைத்தால் மறுபடி கரண்ட் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், உளுந்தும் அரிசியும் ஒரே நேரத்தில் தயாராக வேண்டும். வழி சொன்னது ஒரு தெலுங்கு சிநேகிதி. அவர்கள் வீட்டில் இட்லிக்கு அரிசி அரைப்பதே கிடையாது, ரவைதான். நம் ஆட்கள் இதைக் கேட்டால் உதட்டைச் சுழிப்பார்கள், நானும் சுழித்திருக்கிறேன். ஆனால் காய்ந்த ரவைக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம். கரண்ட் வருகிற ஒரு மதியத்தில், கழுவி உலர்த்திய அரிசியை மிக்சியில் விட்டு விட்டு ஓட்டி, சலித்து, டப்பாவில் போட்டால் இரண்டு வாரத்துக்கு அரிசி வேலை முடிந்தது. ராத்திரி கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன?

அரிசி எது என்பதில் நான் முதலில் தப்புச் செய்தேன். பர்மாவின் பெருமை பவ்சான் அரிசி, 2011-ல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது. நல்லதைப் போடுவோம் என்று அதையே ரவையாக உடைத்தேன். சோறாக வடித்தால் மணக்கிற, மெத்தென்று நீளுகிற அரிசிதான், இட்லியில் கையில் ஒட்டியது. தட்டிலிருந்து எடுக்க ஈரத்துணி போட்டும் பாதி துணியோடு வந்தது. இட்லிக்கு வேண்டியது ஙாசெய்ன் மாதிரி விறைப்பான, விலை குறைந்த அரிசி. (தமிழில் அங்ஙனம், இங்ஙனம் தவிர வேலையில்லாமல் இருக்கிற ங எழுத்துக்குப் பர்மாவில் ஓய்வே இல்லை. மீனே 'ங'தான், அதை ஊறவைத்தால் ஙப்பி.) நொய்யாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, மிக்சிக்குப் பாதி வேலை மிச்சம். புழுங்கலரிசி இந்த நாட்டில் ஏற்றுமதிக்காகச் செய்கிறார்கள், நான் வாங்குகிற கடையில் கேட்டால் சிரிக்கிறார்கள். பச்சரிசி ரவையில் இட்லி கொஞ்சம் இறுகும். அதற்கு உளுந்து ஆட்டி முடிக்கிற நேரத்தில் ஒரு கை ஆறின சோற்றைக் கல்லில் போட்டால் போதும்.

உளுந்து விஷயத்தில் நாம் இருப்பது ஊற்றுக்கண்ணில். பர்மியர் இதை மட்பெ என்கிறார்கள், ஆனால் விளைவதில் பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. 2021-ல் இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஐந்து வருஷத்துக்கு, ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் இங்கிருந்து வாங்கிக்கொள்வதாக அப்போது ஏற்பாடானது. பயின்னவுங் மொத்தச் சந்தையில் உளுந்தை இரண்டு தரமாகப் பேசுவார்கள்: எஃப்.ஏ.க்யூ. என்பது சாதாரணம், எஸ்.க்யூ. என்பது திரட்சியான மணி, விலையும் கூட. சென்னையில் கொள்முதல் சூடு பிடித்தால் காளி கோயிலை ஒட்டின தெய்ஞ்சி சந்தையில் எனக்கு விலை ஏறும். சென்னையில் சாப்பிடுகிற இட்லிக்கும் எங்கள் இட்லிக்கும் ஒரே வயல் உளுந்தாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, அவர்களுக்குத் தோல் நீக்கின உருட்டு உளுந்து சுலபமாகக் கிடைக்கிறது, எனக்குக் கறுப்பு உளுந்து. ஊறவைத்துக் கசக்கித் தோலைக் களைவேன். முழுசாகப் போகாது. கொஞ்சம் தோல் இருந்தால் மாவு இன்னும் சுறுசுறுப்பாகப் பொங்குகிறது, இட்லியில் சாம்பல் புள்ளிகள் விழும். சின்னவன் அதை எறும்பு என்று சொல்லிக் கொஞ்ச நாள் சாப்பிட மறுத்தான். கையில் காசு இருக்கிற வாரம் எஸ்.க்யூ. வாங்குங்கள் என்பேன், அதே அளவில் மாவு கூடுதலாகக் காண்கிறது.

இப்போது நடைமுறை இப்படி: அரை டின் உளுந்தும் கால் ஸ்பூன் வெந்தயமும் மதியம் ஊறும். ஒரு டின் ரவை மூன்று மணி நேரம் தனியாக ஊறும், மேலே மிதக்கிற தூசியை இரண்டு முறை வடித்துவிட வேண்டும். சாயங்காலம் கல்லில் உளுந்து. ரவையைக் கையில் இறுகப் பிழிந்து அதோடு சேர்த்து, உப்புப் போட்டு, கையாலேயே கலக்கி மூடினால், வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்தில் தயார். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 18 டிகிரிக்கு இறங்கும்போது பன்னிரண்டு மணி நேரமும் போதாது. அப்போது பாத்திரத்தைக் கரியடுப்புக்குப் பக்கத்தில் சாக்கில் சுற்றி வைக்கிறேன். பதினெட்டு இட்லி வரும். மழைக்காலத்தில் ரவை டப்பாவில் ஈரம் ஏறி வண்டு வைக்கும், நாலு காய்ந்த மிளகாய் போட்டு வையுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து உடைக்காதீர்கள்.

தோசைக்கு இந்த ரவை ஆகாது, தோசைக்கல்லில் பிய்ந்துபோகும். தோசைக்கு அரிசிப் பங்கைக் கடை அரிசி மாவாகப் போடுகிறேன். பெய்ன்மோன் என்கிற பர்மிய அப்பம் சுடுகிறவர்கள் வாங்குகிற அதே மாவு, எப்போதும் கிடைக்கும். ஆனால் பக்கத்திலேயே கௌக்ஞின் மாவும் இருக்கும், அது ஒட்டரிசி, திஞ்சானுக்கு உள்ளே வெல்லம் வைத்து உருண்டை பிடிக்கிறது. இரண்டும் ஒரே மாதிரிப் பையில் ஒரே வெள்ளையாக இருக்கும். அவசரத்தில் ஒரு தடவை மாற்றி வாங்கிவிட்டேன். தோசைக்கல்லில் ஊற்றினது ஜவ்வு மாதிரி எழுந்து கரண்டியோடு வந்தது. கல்லைச் சுரண்ட ஒரு மணி நேரம்.

மறுநாளுக்கு மிஞ்சிப் புளித்த மாவுக்கும் ஒரு வழி இருக்கிறது. மோன்லின்மயா சட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு பாதிகளைச் சுட்டு ஒன்றாகச் சேர்ப்பதால் பர்மியர் அதற்குக் கணவன் மனைவி பலகாரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சட்டி நம் பணியாரச் சட்டியேதான். வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஊற்றினால் புளிப்பே தெரியாது. அப்வாவுக்கு ஒரு தட்டு கொடுத்தேன். நம் பணியாரத்துக்குத் துணை இல்லை, எல்லாம் ஒண்டிக்கட்டை என்றார்.

இவ்வளவுக்கும் மாமியார் இன்னும் இறங்கிவரவில்லை. முதல் நாள் ரவை இட்லியைப் பிட்டுப் பார்த்து, "ஏம்மா, உப்புமாவை அச்சுல ஊத்தினாப்ல இருக்கே" என்றார். ஆறு சாப்பிட்டார். "அத்தை, நல்லாயில்லன்னா வேற பண்ணட்டுமா?" என்று கேட்டேன். "இருக்கட்டும், வீணாப் போயிடும்ல" என்று ஏழாவதை எடுத்துக்கொண்டார். ஆனால் அமாவாசைக்கும் பண்டிகைக்கும் ரவை கூடாது என்பது அவர் தீர்ப்பு, அதில் எனக்கும் சம்மதம்தான். அந்த நாட்களில் அரிசியும் கல்லில்தான், குழவியை நானும் வீட்டுக்காரரும் மாறி மாறிப் பிடிக்கிறோம். அவர் ஆட்டினால் மாவு நற நறவென்று இருக்கும், அதற்குத் தனிப் பஞ்சாயத்து.

கிரைண்டரை விற்றுவிடலாமா என்று அவர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இப்போது விற்றால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள். அதனால் கற்றாழைத் தொட்டியை அதன்மேல் ஏற்றிவைத்திருக்கிறேன்.